ஒன்பது நிமிடத்தில் எட்டு மணி நேரம்

கிருபாகரன் டேபை மேஜைமேல் வைத்து, திரையில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டியபோது அனுசுயாவுக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. ஷிப்டுக்கு எட்டு மணி நேரம், எட்டு வரி. வரிக்கு ஐந்து அளவு. எல்லாமே பச்சை.

"அளவு இல்லக்கா. அதுக்குப் பக்கத்துல சின்னதா சாம்பல் கலர்ல இருக்குது பாருங்க, அதப் படிங்க."

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். 1.41. அடுத்த வரியில் 1.42. கடைசி வரியில் 1.50. இரண்டு மாதமாக அந்தச் சின்ன எண்கள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. பேட்டரி சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று விட்டிருந்தாள்.

அது அவள் டைப் செய்த நேரம் என்று கிருபாகரன் சொன்னான். காலை ஆறு மணி அளவும் மதியம் ஒரு மணி அளவும் ஒன்பதே நிமிடத்தில் ஏறியிருக்கின்றன. பன்னிரண்டாம் தேதி செய்து போன சரக்கில் ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கிறது. அளவு பெரிதாக இருந்து வண்டியில் மாட்டவே முடியவில்லையாம். அந்தத் தேதியை எடுத்துப் பார்த்தபோது இது அகப்பட்டிருக்கிறது. பிளான்ட் மேனேஜர் வீரராகவன் நாளை பதினொரு மணிக்கு அவளைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

"அளக்காமலே ஒக்காந்து போட்டிருக்காங்கன்னு சார் நெனைக்கிறாருக்கா." இதைச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அளந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கையில் பிடித்திருந்த ரப்பர் புஷ் நழுவி, மேஜைக்குக் கீழே உருண்டு போனது. குனிந்து எடுக்கப் போனவள் கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தாள். எழுந்தால் ஹால் முழுக்கத் தன்னையே பார்க்கும் என்று தோன்றியது.

காரின் அடிப்பாகத்தில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள மாட்டுகிற, கைக்குள் அடங்கும் ரப்பர் உருளைகளைத்தான் புஷ் என்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அதைச் செய்கிற அந்தக் கம்பெனிக்கு அனுசுயா பத்தொன்பது வருஷமாக வருகிறாள். பிறந்தது வெள்ளானூர், வாழ்க்கைப்பட்டது வேப்பம்பட்டு. காலை ஷிப்டுக்கு விடியுமுன் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். பதினாறு வருஷம் கான்ட்ராக்ட் ஆளாக ஆரஞ்சு நாடாவில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்புதான் நீல நாடா கொடுத்தார்கள். நீல நாடா என்றால் பெர்மனென்ட். அதைக் கழுத்தில் போட்ட அன்று சாயங்காலம் கழற்றாமலே ரயில் ஏறி, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, சாப்பிட்டு, மகள் அகல்யா சிரித்த பிறகுதான் கழற்றினாள். கணவன் உத்தமன் லாரி பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன். போன வருஷம் முதுகுத்தண்டு நகர்ந்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறான். அகல்யா கல்லூரியில் இரண்டாம் வருஷம். மூன்று பேருக்கும் இப்போது அந்த நீல நாடாதான்.

அவள் வேலை சோதிப்பது. மணிக்கு ஒருமுறை மோல்டிங் மெஷினிலிருந்து ஐந்து புஷ்களை எடுத்து அளக்க வேண்டும். இருபத்துநாலு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடலாம், குறையலாம். அதற்கு மேல் போனால் கழிவு. அளந்ததை ஒரு கிழிந்த அட்டைப்பெட்டித் துண்டில் பென்சிலால் கிறுக்கி வைத்துக்கொள்வாள். ஷிப்டு முடியும் சமயத்தில், கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் நீலப் பேனாவால் முத்து முத்தாக எழுதுவாள். அந்த ஹாலில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். கரிக்கையோடு மணிக்கு மணி எழுதினால் ரெஜிஸ்டர் நாறிப்போகும். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். அனுசுயாவின் ரெஜிஸ்டரில் பத்தொன்பது வருஷத்தில் ஒரு அடித்தல் கிடையாது. வெளியூரிலிருந்து கஸ்டமர் வந்தால் அவள் ரெஜிஸ்டரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஓர் ஆயுத பூஜைக்கு அதற்காகவே எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ரெஜிஸ்டர்களைக் கட்டி மேலே ஏற்றிவிட்டு, மேஜைக்கு ஒரு டேப் வைத்தார்கள். சொல்லிக்கொடுக்கக் கிருபாகரன் வந்தான். திருவண்ணாமலைப் பக்கம் ஏதோ கிராமம், வீட்டில் முதல் பட்டதாரி, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். கேன்டீனில் வைத்து மூன்று நாள் பயிற்சி. டேபைத் தொடவே பெண்கள் பயந்தார்கள். தொட்டால் உடைந்துவிடுமோ, உடைந்தால் யார் தலையில் விழுமோ என்ற பயம். பக்கத்து மேஜை சுரேகா மட்டும், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போட்டோ பார்ப்பதுபோல் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தாள். மூன்றாம் நாள் கிருபாகரன் ஒரு போட்டி வைத்தான். பொய்க்கணக்காக எட்டு மணி நேர அளவையும் காகிதத்தில் கொடுத்து, யார் முதலில் டேபில் ஏற்றுகிறார்கள் பார்ப்போம் என்றான். அனுசுயா முதலில் முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு ஒரு சாக்லேட் கிடைத்தது.

அந்தப் பயிற்சியிலேயே இன்னொன்றும் சொல்லியிருந்தான். அளவு வரம்பைத் தாண்டினால் வரி சிவப்பாகும், மெஷின்மேல் விளக்கு எரிந்து பீப் சத்தம் வரும், மெஷின் தானாக நிற்கும், ஹால் வாசலில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் மெஷின் எண்ணும் சோதித்தவர் பெயரும் வரும். இதெல்லாம் உங்களுக்கு உதவிக்குத்தான் என்றான். கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அது உதவி மாதிரிப் படவில்லை. இரண்டு மாதத்தில் அந்த ஹாலில் ஒரு விளக்குகூட எரிந்ததில்லை.

அன்று மதியம் ரயிலில் உட்கார இடம் இருந்தும் அனுசுயா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். ஆவடி, இந்துக் கல்லூரி, திருநின்றவூர் எல்லாம் எப்போது போயின என்று தெரியவில்லை. அவளுக்குத் திருவேங்கடம் ஞாபகமாகவே இருந்தது. பேக்கிங்கில் இருந்த ஆள். போன வருஷம் எண்ணாமலே எண்ணிக்கை எழுதினார் என்று பெயர் அடிபட்டது. ஒரு வாரம் மேனேஜர் அறைக்கும் ஹாலுக்கும் அலைந்தார். பிறகு ஒருநாள் வரவில்லை. கேட்டின் செக்யூரிட்டி அவருடைய டிபன் பாக்ஸை ஒரு மாதம் வைத்திருந்து, யாரும் கேட்டு வராததால் யாருக்கோ கொடுத்துவிட்டான். இப்போது அயப்பாக்கத்தில் ஏதோ அடுக்குமாடி வாசலில் சட்டையில் ஏதோ செக்யூரிட்டி கம்பெனி பெயர் தைத்துக்கொண்டு நிற்கிறார் என்று கேள்வி.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். உத்தமன் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடு, டேபில் என்ன வருகிறது என்று எனக்கு என்ன தெரியும் என்று அழு, பொம்பளை அழுதால் விட்டுவிடுவார்கள் என்றான். அப்புறம் அவனுக்கே அது சரியாகப் படவில்லை போலும், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுரேகா போன் செய்தாள்.

"இன்னாக்கா, உன்ன மட்டும்தான் கூப்ட்டாங்களா?"

"ஆமா."

"நாங்களும் கடைசிலதான ஏத்துறோம். அத்த இத்த சொல்லி எங்க பேர இஸ்துடாத, இன்னா? எனக்கு ரெண்டு பசங்க கீது."

"எனக்கு மட்டும் இன்னா, கல்லா கீது?" என்று அனுசுயா கேட்டாள். சுரேகா, தைரியமாக இரு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணியிலிருந்தே மணிக்கு மணி அளந்து, அளந்த கையோடு டேபில் ஏற்றினாள். பக்கத்தில் அந்தச் சாம்பல் எண் வந்து உட்காரும்போதெல்லாம் யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொள்வதுபோல் இருந்தது. பத்தே முக்காலுக்குக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்த அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள்.

வீரராகவன் கத்தும் மனிதர் இல்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். உட்காரச் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மூலையில் கிருபாகரன் மடியில் டேபை வைத்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்திலும் இன்னும் ஆரஞ்சு நாடாதான் என்பதை அவள் அன்றுதான் கவனித்தாள்.

"அளந்தீங்களாம்மா?"

"அளந்தேன் சார். மணிக்கொரு தபா அளந்தேன். அட்டைல எழுதி வெச்சுகினு கடைசில ஏத்துனேன்."

"ஏன் கடைசில?"

அவள் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே கிருபாகரன் எழுந்துவிட்டான். "சார், ட்ரெயினிங்ல நான் அப்படித்தான் சார் போட வெச்சேன். கை பழகட்டும்னு எட்டு வரியையும் ஒரே மூச்சுல போடச் சொன்னேன். மணிக்கு மணி போடணும்னு தனியா சொல்லல. அது தெரிஞ்சதுதானன்னு விட்டுட்டேன்." அவன் குரல் தட்டுத் தடுமாறியது. சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

அனுசுயாவுக்கு மூச்சு வந்தது. முடிந்தது, கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள். வீரராகவன் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, எதிரில் இருந்த காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

"சரி. ரெண்டு மாசம். ஐம்பது ஷிப்டு. ரெண்டாயிரம் புஷ் அளந்திருக்கீங்க. ஒண்ணுகூட சிவப்பு இல்ல. மெஷின் அவ்வளவு நல்ல மெஷின் இல்லயேம்மா. எப்படி?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. தெரியாது என்று சொல்லிவிடு என்று உத்தமன் சொன்னது காதில் கேட்டது. சுரேகாவின் இரண்டு பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள். முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் தேதி ஒன்பது மணிக்கு எடுத்த ஐந்தில் இரண்டு பெரிதாக இருந்தன என்று சொன்னாள். மெஷின் ஓட்டும் விஷ்ணுவிடம் அப்போதே சொல்லியிருந்தாள். அவன் அச்சின் சூட்டைத் திருத்தினான். இருபது நிமிடம் கழித்து வேறு ஐந்து எடுத்தாள், சரியாக இருந்தது. அட்டையில் முன்பு எழுதியதை அழித்துவிட்டு அதை எழுதிக்கொண்டாள். எப்போதுமே அப்படித்தான். கோளாறு வந்தால் உடனே பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். சரியானதைத்தான் ரெஜிஸ்டரில் எழுதுவார்கள்.

"பெருசா வந்த புஷ் எல்லாம்?"

"முன்னால இருந்த ட்ரேய எடுத்து கழிவுல போட்டேன் சார். அதுக்கு முன்ன, எட்டு மணிலேந்து ஓடுனது..." அவள் நிறுத்தினாள். சொல்லிக்கொண்டு வரும்போதுதான் அவளுக்கே அது புரிந்தது. "பேக்கிங்குக்குப் போயிருக்கும் சார்."

அந்தப் பெட்டி அவள் மேஜையிலிருந்து போனதுதான். அளந்தேன் அளந்தேன் என்று இரண்டு நாளாக நெஞ்சில் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கம்பும் கையை விட்டுப் போனது. வீரராகவன் ஏதோ கேட்டார். திரும்பக் கேட்டார்.

"அந்த ரெண்டு அளவையும் அப்படியே போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்மா?"

"செவப்பு வந்திருக்கும் சார். டிவில எம்பேரு வந்திருக்கும்."

"வந்தா?"

"பேரு அடிபட்டவங்க யாரும் இங்க இருந்ததில்லயே சார்."

வீரராகவன் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு கிருபாகரன் பக்கம் திரும்பி, அந்த டிவியில் பெயரைப் போடச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நீங்கதான் சார்," என்றான் அவன்.

முடிவைச் சனிக்கிழமை சொல்கிறேன், இப்போது போங்கள் என்றார் வீரராகவன். கஸ்டமருக்குத் தான் பதில் எழுத வேண்டும் என்றும், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நடவடிக்கை என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் வேப்பம்பட்டு வரை தூக்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது மணி அளவுகள் பச்சையாக ஏறின. பத்து மணிக்கு ஐந்து புஷ் எடுத்தாள். முதல் மூன்றும் சரி. நாலாவது 24.14. அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். 24.14. ஐந்தாவது 24.13.

அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷ்ணுவுக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருஷமாக அவள் முகத்தைப் பார்த்தே மெஷின் ஓட்டுகிறவன். கை பொத்தான் பக்கம் போய்விட்டது.

"எவ்ளோக்கா? சும்மா இரு, சூட்ட எறக்கி வுட்றேன். பத்து நிமிசம் பொறுத்து வேற எடுத்துப் போட்டுக்க."

பத்து நிமிடம் பொறுக்கலாம். பத்து பத்துக்கு ஏற்றினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாளைக்குச் சனிக்கிழமை. சொல்கிறேன் என்று சொன்ன மனிதர் நாளைக்குத்தான் சொல்லப்போகிறார். அதற்கு முந்தின நாள், ஹால் வாசலில், அவள் பெயர் சிவப்பாக நிற்பதா? சுரேகா பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

மெஷின் வாயைத் திறந்து அடுத்த புஷ்களைத் தட்டில் தள்ளியது. இதுவும் பெரிதாகத்தான் இருக்கும். தட்டு நிரம்பினால் பேக்கிங் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவான்.

அனுசுயா டைப் செய்தாள். முதலில் 24.41 என்று விழுந்தது. அழித்துவிட்டு 24.14 என்று போட்டாள்.

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. பீப் சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. பின்னால் மெஷின் நின்றது. இரண்டு மாதத்தில் முதல் முறை. ஹாலில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. டிவியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். மெஷின் ஏழு, அனுசுயா உ. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நிமிசம் பொறுத்திருந்தா நானே பாத்துகினு இருப்பேன்ல," என்று விஷ்ணு முணுமுணுத்தான்.

வீரராகவன் நடந்து வந்தார். ஓடி வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. எப்போதிலிருந்து என்று கேட்டார். ஒன்பது மணி அளவு சரியாக இருந்தது, அதற்கப்புறம்தான் என்றாள். ஒன்பதிலிருந்து ஓடிய தட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பதினொரு தட்டு நின்றது. பேக்கிங்கிலிருந்து இரண்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கிருபாகரனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து அளந்தான். மதியம் வரை பிரித்ததில் நாலு தட்டு கழிவுக்குப் போனது. வீரராகவன் அதைப் பார்த்துவிட்டு, மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார். அவளைப் பார்த்து நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை.

"நாளைக்குத் தீர்ப்பு. இன்னிக்கே உனக்கு எதிரா நீயே சாட்சி சொல்லிகினியேக்கா," என்றாள் சுரேகா, சாப்பாட்டு நேரத்தில். ஆனால் ஒரு மணிக்கு மேல் மேஜையைத் துடைக்கும் சாக்கில் பக்கத்தில் வந்து, அந்த பீப் சத்தம் எவ்வளவு நேரம் அடிக்கும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"சூப்பர்வைசர் வந்து அமுக்குற வரிக்கும்," என்றாள் அனுசுயா.

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள். ஹால் வாசலில் டிவியைக் கடந்து போகும்போது அதில் நேற்று நின்ற மெஷின் ஏழு என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் பெயர் இல்லை. தன் பெயரை மட்டும்தான் எடுத்துவிட்டார்களோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. நின்று பார்த்தாள். பெயர் போடும் கட்டமே இல்லை.

வீரராகவன் ஒரு காகிதத்தை நீட்டினார். மெமோ. பன்னிரண்டாம் தேதி வரம்பு தாண்டிய அளவைப் பதியாமல் விட்டதற்காக எச்சரிக்கை என்று தமிழில் இருந்தது. வேலையை விட்டு நீக்குவது பற்றி அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தாள். இல்லை. கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது. அவ்வளவு வியர்வை. அவளுடைய முத்துப் போன்ற எழுத்து அந்தக் காகிதத்தில் யாருடையதோ மாதிரி விழுந்தது.

கஸ்டமருக்கு நேற்றைய நிறுத்தத்தையும் சேர்த்து எழுதியிருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை கிருபாகரன் எல்லோருக்கும் மறுபடி பயிற்சி வைக்கிறான், இந்த முறை கேன்டீனில் இல்லை, அவரவர் மேஜையில், அவரவர் மணி நேரத்தில் என்றார். மெமோ உங்கள் பைலில் ஒரு வருஷம் இருக்கும், அதற்குள் இன்னொன்று வந்தால் நானே நினைத்தாலும் எதுவும் செய்ய முடியாது, இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே அவருக்குப் பின்னாலிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சார்," என்று எழுந்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு மேனேஜர் பேசும்போது அவள் குறுக்கே பேசியதில்லை. "பத்து மணி ஆவுது சார். ரீடிங் எடுக்கணும்."

அவர் திரும்பிக் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள்.